கொசுறுன்னு நினைச்சீங்களா?

காய்கறிக் கடையில் பை நிறைய வாங்கிவிட்டு, கடைசியில் கையை நீட்டி, "அண்ணே, கொஞ்சம் கறிவேப்பிலை" என்று கேட்போமே... அதற்குப் பெயர் கொசுறு. கொடுத்தால் சந்தோஷம். கொடுக்காவிட்டால் முகம் சுருங்கும். ஆனால், யாராவது கறிவேப்பிலைக்காக மட்டும் கடைக்குப் போவார்களா? போக மாட்டார்கள்.

வீடியோ கேம் உலகத்தில் கதை அப்படியே உல்டா! அங்கே கொசுறுக்காகத்தான் கடைக்கே கூட்டம் போனது. புது கன்சோல் வாங்கினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு கேமும் சேர்ந்து வரும். அந்த 'ஃப்ரீ' கேம்தான் பல தடவை பெட்டியின் தலையெழுத்தையே தீர்மானித்திருக்கிறது. கம்பெனிகளைத் தூக்கிவிட்டிருக்கிறது. பாஸுக்கும் மேனேஜருக்கும் சண்டை மூட்டிவிட்டிருக்கிறது. கேம் ஆடாத ஆளா நீங்க? பரவாயில்லை, பக்கத்தைத் திருப்பிடாதீங்க. கடைசியில் உங்களுக்கும் மேட்டர் இருக்கு.

முதலில் ஒரு சின்ன எகனாமிக்ஸ். கன்சோல் என்பது தனியாகப் பார்த்தால் வெறும் டப்பா. டிவியில் மாட்டினாலும் சும்மா முழிக்கும். கேம் போட்டால்தான் உயிர் வரும். கம்பெனிகளும் பெரும்பாலும் டப்பாவில் பெரிதாக லாபம் பார்ப்பதில்லை. சில சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். காசு எல்லாம் அதற்குப் பிறகு நாம் வாங்கும் கேம்களில்தான். ஷேவிங் ரேஸரை மலிவாகத் தந்துவிட்டு, பிளேடில் வசூல் பண்ணுகிற அதே டெக்னிக்.

இப்போ யோசிங்க. லாபமே கேமில்தான் என்றால், கையில் இருக்கும் நல்ல கேமை எவன் சும்மா கொடுப்பான்? அங்கேதான் சண்டையே ஆரம்பம்.

ரெண்டு பேர் வேணும் பாஸ்!

1977. அமெரிக்காவில் அடாரி கம்பெனி தன்னுடைய வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டத்தை விற்பனைக்கு விட்டது. பிற்காலத்தில் 'அடாரி 2600' என்று பெயர் வாங்கிய அதே பெட்டிதான். உள்ளே 'காம்பாட்' என்று ஒரு கார்ட்ரிட்ஜ். டாங்கிச் சண்டை, விமானச் சண்டை என்று மொத்தம் 27 விதமாக ஆடலாம்.

இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? காம்பாட்டைத் தனியாக ஆட முடியாது. கம்ப்யூட்டர் எதிரி எல்லாம் கிடையாது. கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். அதனால் பெட்டிக்குள் ஜாய்ஸ்டிக்கும் இரண்டு. வாங்கியவன் தம்பியையோ, பக்கத்து வீட்டுக்காரனையோ கூப்பிட்டே ஆக வேண்டும். வந்தவன் தோற்றுப் போவான். தோற்றவன் சும்மா இருப்பானா? வீட்டுக்குப் போய், "எனக்கும் அது வேணும்" என்று அழுவான். தனியாக ஒரு விளம்பரமே தேவையில்லை. பெட்டியில் இருந்த கேமே விளம்பரம் பண்ணிவிடும்.

1982-ல் கொலிகோவிஷன் என்ற கன்சோல் வந்தபோது அந்தக் கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. ஆர்கேடுகளில் காசு போட்டு ஆடிக்கொண்டிருந்த 'டாங்கி காங்' கேமைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தது. கடையில் போய் ஆடியதை இனி வீட்டில் உட்கார்ந்து ஆடலாம் என்பதை வேறு எப்படிச் சொல்ல முடியும்?

ரோபோ வேஷம்

1983-ல் அமெரிக்க வீடியோ கேம் மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது. கண்ட கண்ட கேம்கள் குவிந்து, கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 'வீடியோ கேம்' என்று சொன்னாலே கடையை விட்டுத் துரத்துகிற நிலைமை.

அந்த நேரம் பார்த்து ஜப்பானிலிருந்து நிண்டெண்டோ வந்து இறங்கியது. 1985-ல் நியூயார்க்கில் டெஸ்ட். நிண்டெண்டோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'வீடியோ கேம்' என்ற வார்த்தையையே தவிர்த்தார்கள். 'என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்' என்று பெயர் வைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு குட்டி ரோபோவும் ஒரு துப்பாக்கியும் வைத்தார்கள். ரோபோவோடு ஆட 'ஜைரோமைட்', துப்பாக்கியால் சுட 'டக் ஹன்ட்'. கடைக்காரர் கண்ணுக்கு அது வீடியோ கேமாகத் தெரியவில்லை, புதுவிதப் பொம்மையாகத் தெரிந்தது. ரோபோவுக்கென்று வந்த கேம்கள் மொத்தமே இரண்டுதான்! ஆனால், கடைக்குள் நுழைய அதுதான் டிக்கெட். உள்ளே போனதும் ரோபோவின் வேலை முடிந்தது.

அப்புறம் 1988-ல் வந்த செட்டில் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்', 'டக் ஹன்ட்' இரண்டும் ஒரே கார்ட்ரிட்ஜில். மரியோ மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்றதற்கு இந்தக் கூட்டணி ஒரு பெரிய காரணம்.

நம்ம ஊரிலும் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று ஒன்று வீட்டுக்கு வீடு வந்ததே, ஞாபகம் இருக்கா? உங்களுக்குத் தெரியாவிட்டால் அண்ணனிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள். அதெல்லாம் நிண்டெண்டோ பெட்டியின் நகல்கள்தான். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுகிற துப்பாக்கி... எல்லாம் அந்த வழியாக வந்தவை. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதே பத்து கேம் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பத்துதான் இங்கே ஒரு தலைமுறைக்கே வீடியோ கேம்!

மரியோவா? டெட்ரிஸா?

இந்தக் கதையில் ஆகச் சிறந்த சீன் இதுதான்.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் அகாடமியின் கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ், மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்குகிற ஒரு கேம் எழுதினார். பெயர் டெட்ரிஸ். ஹென்க் ராஜர்ஸ் என்ற கேம் வியாபாரி 1988-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தார். ஆடினார். மறுபடி வரிசையில் போய் நின்று ஆடினார். விட முடியவில்லை.

அதே சமயம் நிண்டெண்டோ கையடக்க கேம்பாயைத் தயார் செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் அதோடு எந்த கேமைச் சேர்த்துக் கொடுப்பது? மரியோ கேம் கையிலேயே இருக்கிறது. சொந்தச் சரக்கு. ஏற்கெனவே ஹிட்டான ஹீரோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ராஜர்ஸ், நிண்டெண்டோவின் அமெரிக்கத் தலைவர் மினோரு அரகாவாவிடம் போய் வாதாடினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: சின்னப் பசங்களுக்கு விற்க வேண்டுமென்றால் மரியோவை வையுங்கள். எல்லோருக்கும் விற்க வேண்டுமென்றால் டெட்ரிஸை வையுங்கள்.

அரகாவாவுக்குப் பொறி தட்டியது. ஆனால், கேமின் கையடக்க உரிமை சோவியத் அரசாங்கத்திடம் அல்லவா இருக்கிறது? 1989 பிப்ரவரியில் ராஜர்ஸ் நேரே மாஸ்கோவுக்கே கிளம்பிப் போய், அரசு நிறுவனமான எலோர்க் அதிகாரிகளிடம் பேசி, கையெழுத்து வாங்கிவிட்டார். இத்தனைக்கும் அது பனிப்போர் காலம்!

அந்த வருஷம் ஜூலை கடைசியில் கேம்பாய் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது பெட்டிக்குள் டெட்ரிஸ் இருந்தது. கூடவே இரண்டு கேம்பாய்களை இணைக்க ஒரு கேபிளும் இருந்தது. மரியோவுக்குக் கதை தெரிய வேண்டும், விரல் பழக வேண்டும். டெட்ரிஸுக்கு ஒன்றும் வேண்டாம். பாஷைகூட வேண்டாம். அப்பா ஆடினார், அம்மா ஆடினாங்க, ஆபீஸ் போகிறவர் ரயிலில் ஆடினார். 1993-ல் அலெக்ஸாண்டர் செரெப்ரோவ் என்ற ரஷ்ய வீரர் விண்வெளிக்கே கொண்டுபோய் ஆடினார்!

கேம்பாயின் திரை கறுப்பு வெள்ளைகூட இல்லை, ஒரு மாதிரி பாசிப்பச்சை. அதே வருஷம் கலர் திரையோடு அடாரி லிங்க்ஸ் வந்தது. ஆனால், ஜெயித்தது பாசிப்பச்சைதான். விலை குறைவு, பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும்... இவையும் காரணங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால், 'இது சின்னப் பசங்க சமாச்சாரம்' என்ற எண்ணத்தை உடைத்தது டெட்ரிஸ். கேம்பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து விற்றது சுமார் 11 கோடியே 87 லட்சம். அந்த டெட்ரிஸ் மட்டும் சுமார் மூன்றரைக் கோடி.

இருப்பதிலேயே நல்லதைக் கொடு!

அடுத்து சேகா. 1989-ல் அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற கன்சோலை 'ஆல்டர்டு பீஸ்ட்' கேமோடு விட்டது. சுமாராகப் போனது. புதுத் தலைவராக வந்த டாம் கலின்ஸ்கி இதற்கு முன்னால் பார்பி பொம்மை விற்ற மேட்டல் கம்பெனியில் இருந்தவர். அவர் போட்ட பிளான் ரொம்ப சிம்பிள். விலையைக் குறை. ஆல்டர்டு பீஸ்ட்டை எடு. புதுசாக வந்திருக்கும் 'சோனிக்'கைப் பெட்டியில் வை.

ஜப்பான் ஹெட் ஆபீஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'இருக்கிறதிலேயே நல்ல கேமை ஓசியில் கொடுப்பதா? விலையையும் குறைப்பதா? இவருக்கு என்ன ஆச்சு?' கடுமையான எதிர்ப்பு. இருந்தாலும் கடைசியில், 'உன் இஷ்டப்படி செய்' என்று விட்டார்கள். 1991 கிறிஸ்துமஸ் சீசனில், புத்தம் புதிய சூப்பர் நிண்டெண்டோவையே ஜெனிசிஸ் அமெரிக்காவில் முந்தியது.

கலின்ஸ்கியின் கணக்கு என்ன? ஒரு சோனிக்கின் விலை போகட்டும். வீட்டுக்குள் பெட்டி போய்விட்டால் அடுத்த நாலு வருஷத்துக்கு அந்த வீடு நம்ம கஸ்டமர்.

பதினைந்து வருஷம் கழித்து இதே சண்டை நிண்டெண்டோவுக்குள் வெடித்தது. 2006-ல் 'வீ' கன்சோல் தயார். ரிமோட்டைக் கையில் பிடித்து, டென்னிஸ் மட்டை மாதிரி வீசினால் டிவியில் பந்து பறக்கும். இதை வார்த்தையில் சொன்னால் யாருக்குப் புரியும்? டென்னிஸ், பேஸ்பால், பவுலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என்று ஐந்து ஆட்டம் கொண்ட 'வீ ஸ்போர்ட்ஸ்' கேமைப் பெட்டியோடு கொடுக்க வேண்டும் என்றார் அமெரிக்கத் தலைவர் ரெஜி ஃபிஸ்-எமே. மரியோவைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்கள் உழைத்து உருவாக்கிய கேமைச் சும்மா தருவதா என்பது அவர் கோபம். அந்த வாக்குவாதத்தை ரெஜி 2022-ல் வெளியான தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

மியாமோட்டோவின் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. சும்மா கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு இருக்காது என்ற பயம் எந்தக் கலைஞனுக்கும் உண்டுதான். கடைசியில் ஒரு ராஜி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம் பெட்டியோடு. ஜப்பானில் தனியாகக் காசுக்கு.

அதன்பிறகு நடந்ததுதான் சரித்திரம். தாத்தா பாட்டிகள் ஹாலில் நின்று பவுலிங் போட்டார்கள். முதியோர் இல்லங்களில் போட்டி நடந்தது. வீ 10 கோடிக்கு மேல் விற்றது. வீ ஸ்போர்ட்ஸ் போய்ச் சேர்ந்த எண்ணிக்கை சுமார் 8 கோடியே 29 லட்சம். மதிப்புப் போய்விடும் என்று பயந்த அந்த கேமைத்தான் கன்சோல் பக்கமே தலைவைக்காதவர்கள்கூட ஆடினார்கள்.

எதிர்க்கேள்வி கேளுங்க!

"அப்போ எந்தப் பெட்டியிலும் ஒரு கேமைப் போட்டுவிட்டால் ஹிட்டா?" கரெக்டா கேட்டீங்க. இல்லவே இல்லை.

பிளேஸ்டேஷன் 2 கேம் இல்லாமலேதான் வந்தது. சுமார் 16 கோடி விற்றது. அது டிவிடி பிளேயராகவும் வேலை செய்ததால், எதற்கு இது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்சிலும் கேம் இல்லை. அதுவும் 15 கோடியைத் தாண்டியது. டிவியிலிருந்து உருவி எடுத்துக் கையில் வைத்து ஆடலாம் என்பதை ஒரு சின்ன வீடியோவே புரியவைத்துவிட்டது.

மறுபக்கம் பாருங்க. 2012-ல் வந்த 'வீ யூ'வின் விலை கூடிய பெட்டியில் 'நிண்டெண்டோ லேண்ட்' கேம் இருந்தது. நல்ல கேம்தான். பன்னிரண்டு குட்டி ஆட்டங்கள். ஆனால், கையில் ஒரு திரை, டிவியில் ஒரு திரை... எதற்கு ரெண்டு என்று அது கடைசி வரை நறுக்கென்று சொல்லவில்லை. பலருக்கு இது புதுக் கன்சோலா, பழைய வீக்கு ஒரு துணைக்கருவியா என்பதே புரியவில்லை. மொத்தம் சுமார் 1 கோடியே 36 லட்சத்தோடு கதை முடிந்தது.

ஆக, ரூல் என்ன? 'ஓசியா, இல்லையா' என்பது விஷயமே இல்லை. 'இந்தப் பெட்டி எதுக்கு? இதில் எனக்கு என்ன இருக்கு?' புதுசாக வருகிறவன் மனதில் ஓடும் அந்தக் கேள்விக்கு முதல் பத்து நிமிஷத்தில் பதில் கிடைக்கிறதா என்பதுதான் விஷயம். 2020-ல் பிளேஸ்டேஷன் 5 உள்ளேயே போட்டு வந்த 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' அதை அழகாகச் செய்தது. மணலில் நடந்தால் ஒரு மாதிரி அதிரும், ஐஸில் நடந்தால் வேறு மாதிரி. புது கன்ட்ரோலரின் வித்தைகளை ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். அதே டீமின் அடுத்த பெரிய கேமான 'ஆஸ்ட்ரோ பாட்', 2024-ல் கேம் அவார்ட்ஸ் விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதைத் தட்டிச் சென்றது. ஓசி கேமில் வந்த குட்டி ரோபோவுக்குத்தான் மேடையில் கைதட்டல்!

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது, அந்தக் கருவியைச் சுற்றிக் காட்டும் 'வெல்கம் டூர்' கேமுக்கு நிண்டெண்டோ 9.99 டாலர் விலை வைத்தது. "வீட்டைச் சுற்றிக் காட்ட டிக்கெட்டா?" என்று ரசிகர்கள் பொரிந்து தள்ளினார்கள். பத்து டாலர் பெரிய காசு இல்லை. ஆனால், வாசலில் நின்று வரவேற்க வேண்டிய ஆள் கையை நீட்டினால் கடுப்பாகாதா?

வாங்கப் போறீங்களா?

கன்சோல் கனவில் இருப்பவர்களுக்கு நாலு டிப்ஸ்.

ஒன்று: 'ஃப்ரீ' என்ற ஸ்டிக்கரை நம்பாதீங்க, கழித்துப் பாருங்க. 2025-ல் வந்தபோது அமெரிக்காவில் ஸ்விட்ச் 2 தனியாக 449.99 டாலராக இருந்தது. 'மரியோ கார்ட் வேர்ல்ட்' சேர்ந்த பெட்டி 499.99. அந்த கேம் தனியாக 79.99. ஆக, அப்போது கேமுக்குத் தந்தது 50 டாலர், மிச்சம் 30. ஓசி இல்லை, தள்ளுபடி. இந்தக் கணக்கை எந்தப் பெட்டிக்கும் போட்டுப் பாருங்க.

இரண்டு: உள்ளே இருப்பது டிஸ்க்கா, டவுன்லோடா? டிஸ்க் என்றால் ஆடி முடித்து நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். டவுன்லோடு என்றால் உங்கள் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். மாதாந்திர பாக்கெட் மணியில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்று: இரண்டு பேர் ஆடும் கேமா? அப்படியானால் இரண்டாவது கன்ட்ரோலர் விலையையும் இப்போதே பட்ஜெட்டில் சேருங்க. ஹாஸ்டல் ரூமில் ஒரே கன்ட்ரோலர் இருந்தால் நட்பு தாங்காது.

நாலு: தனியாக விற்றால் இந்த கேமை வாங்குவேனா என்று உங்களையே கேளுங்க. 'இல்லை' என்றால் கேம் இல்லாத பெட்டியே போதும்.

கேம் ஆடாதவங்களுக்கு...

சொன்னபடி உங்க மேட்டருக்கு வந்தாச்சு. 1990-ல் விண்டோஸ் 3.0-வில் சாலிடேர் சீட்டுக்கட்டு ஆட்டம் சேர்ந்து வந்தது. எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது அவர் மைக்ரோசாஃப்ட்டில் ஒரு இன்டர்ன், அதாவது உங்களை மாதிரி ஒரு ஸ்டூடன்ட்! ராயல்டி என்று ஒரு பைசா கிடைக்கவில்லை. ஆனால், சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொரு சீட்டின் மேல் போட்டுப் போட்டே, மவுஸ் பிடிக்கத் தெரியாத கோடிக்கணக்கான பேருக்கு விரல் பழகியது. 1997-ல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு கேமும் அப்படித்தான். நம்மூரில் மெசேஜ் அனுப்பக் கற்பதற்கு முன்னாலேயே பாம்பு வளர்த்தவர்கள் எத்தனை பேர்!

புதுசா ஒரு இடத்துக்கு வருகிறவருக்கு முதலில் எதைக் கையில் கொடுக்கிறோம்? இதுதான் இந்தக் கதை முழுவதும் கேட்கிற கேள்வி. இதை அப்படியே உங்க கேம்பஸுக்குக் கொண்டுவாங்க. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதல் முறையாக கம்ப்யூட்டர் லேபில் வந்து உட்காரும் ஃபர்ஸ்ட் இயர் பெண்ணிடம் நீங்கள் நீட்டுவது என்ன? பத்து நிமிஷத்தில் ஓடிக் காட்டும் ஒரு குட்டி புரோகிராமா? இல்லை, நானூறு பக்க மேனுவலா? டிராமா கிளப்பில் முதல் நாள் வந்த பையனுக்கு ஒரு வரி வசனம் கொடுத்தீங்களா, சேர் தூக்கிப் போடச் சொன்னீங்களா? 'இது நமக்கான இடம்' என்றோ, 'இது நமக்கு ஒத்துவராது' என்றோ அவங்க முடிவு பண்ணுவது அங்கேதான். மனசு விட்டுப் போனவர்கள் கம்ப்ளெயின்ட் எல்லாம் பண்ண மாட்டார்கள். பேசாமல் காணாமல் போவார்கள். திறமை இல்லாததால் போனார்கள் என்று நாமும் தப்பாக எழுதிவைத்துக்கொள்வோம்.

ராஜர்ஸ் கேட்ட அதே கேள்விதான்: ஏற்கெனவே ஆடத் தெரிந்தவனுக்கு மட்டும் போதுமா, எல்லோருக்கும் வேண்டுமா? எல்லோருக்கும் என்றால், உங்களிடம் இருப்பதிலேயே நல்லதை முதலில் எடுத்து நீட்டுங்க. கலின்ஸ்கி செய்த மாதிரி. கை நடுங்கத்தான் செய்யும். பரவாயில்லை, கொடுங்க.

அது சரி, உங்க முதல் போனிலோ கம்ப்யூட்டரிலோ நீங்க ஆடிய முதல் கேம் எது? ஞாபகப்படுத்தி வைங்க. அடுத்த வாரம் பேசுவோம்.